கடல்நீரும் ஒரு மெல்லிய தோலும்

மீஞ்சூர்ப் பகுதியில் வயலுக்கும் ஆலைக்கும் சென்னை நகருக்குமாக நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததன் பயனாக, 1960களின் இறுதியிலேயே கடல்நீர் மணலடியே உள்நாடு புகலாயிற்று. இனித்த கிணறுகள் கரித்தன. அதே திருவள்ளூர் மாவட்டக் கரையில், காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரவல்ல நிலையம் 2010-இல் திறக்கப்பெற்றது. கடல் கெடுத்த இடத்தில் கடலே குடிநீர் தருவது விந்தைதான்!

எங்ஙனம் தருகிறது? நன்னீருக்கும் உப்புநீருக்கும் இடையே ஒரு சவ்வு நின்றால், நன்னீர் உப்புநீரை நோக்கியே செல்லும். கடல்நீரைப் பொறுத்தவரை, அதனைத் தடுத்து நிறுத்தவே வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு அழுத்தம் வேண்டும். 60 மடங்கு அளவில் கடல்நீரை அழுத்தினால், நீர் எதிர்த்திசையில் சவ்வைக் கடந்து வரும், உப்பு பின்தங்கும். மாணவர்களே, இதனைச் சல்லடை என்று எண்ணிவிடாதீர்கள். நீர் அந்தப் பாலிமரில் கரைந்து ஊடுருவுகிறது. உப்போ அவ்வாறு எளிதில் கரைவதில்லை.

சவ்வு தடித்தால் நீர் சொட்டுச் சொட்டாகவே கசியும், மெலிந்தால் கிழியும். இச்சிக்கலை 1960-ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சல்ஸில் அவிழ்த்தவர்கள் சிட்னி லோபும் இந்தியரான சீனிவாச சௌரிராஜனும் ஆவர். மேலே மிக மெல்லிய தோல், அடியில் அதனைத் தாங்கும் நுண்துளைப் படலம், இரண்டும் ஒன்றாக அமைந்த செல்லுலோஸ் அசிட்டேட் ஏட்டை அவர்கள் வார்த்தனர். இன்று பெரும்பாலும் அத்தோல் பாலியமைடினால் ஆகிறது.

ஆயினும் மீஞ்சூர் நிலத்தடியில் புகுந்த உப்பை இச்சவ்வு அகற்றுவதில்லை. அதற்கு மேலிருந்து நன்னீர் இறங்கவேண்டும். அதன்பொருட்டே ஆரணியாற்றிலும் கொசஸ்தலையாற்றிலும் தடுப்பணைகள் எழுந்துள்ளன.