அக்கரையில் புகையிலை! இக்கரையில் காப்பி!

நேற்று வரை துப்பாக்கிச் சூடு. இன்று பண்டமாற்று!

இப்படியும் நடந்தது ஒரு போரில். அது அமெரிக்காவின் உள்நாட்டுப் போர்.

அந்த நாட்டின் தென்பகுதியில் சுமார் 40 லட்சம் கறுப்பர்கள் அடிமைகளாக இருந்தார்கள். அடிமை முறை நிலைக்க வேண்டும் என்று 11 தென் மாநிலங்கள் தனியாகப் பிரிந்தன. வட மாநிலங்கள் அதை எதிர்த்தன. அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் ஆபிரகாம் லிங்கன்.

1861-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் போர் மூண்டது. 4 ஆண்டுகள் நீடித்தது. சில குடும்பங்களில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி எதிர்ப்பக்கம்!

தளபதிகளின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. சாதாரணச் சிப்பாய்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

கல் போன்ற பிஸ்கட்டு

வடக்குச் சிப்பாயின் சம்பளம் மாதம் 13 டாலர். அதுவும் பல மாதம் தாமதமாகத்தான் கைக்கு வரும்.

முக்கிய உணவு ஒருவகை பிஸ்கட்டு. மாவும் தண்ணீரும் சேர்த்துச் சுட்டது. கல் போல இருக்கும். துப்பாக்கியின் அடிக்கட்டையால் இடித்துத்தான் உடைக்க வேண்டும்.

அதற்குள் புழுவும் இருக்கும். உடைத்த துண்டைச் சூடான காப்பியில் போடுவார்கள். புழுக்கள் மேலே மிதக்கும். அவற்றை எடுத்து எறிந்துவிட்டுச் சாப்பிடுவார்கள்!

குண்டை விடக் கொடியது

போரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் இறந்தார்கள். குண்டு பட்டு இறந்தவர்களைப்போல இரண்டு மடங்குப் பேர் நோயால் இறந்தவர்கள்.

வயிற்றுப்போக்கு, டைபாய்டு காய்ச்சல், தட்டம்மை. இவைதான் எமன்கள். நோய்க் கிருமிகளைப் பற்றி அன்றைய டாக்டர்களுக்குத் தெரியாது. கழிப்பிடத்துக்கு அருகிலேயே குடிதண்ணீர் எடுத்தார்கள்.

அட்டைப் படகு அல்ல, பலகைப் படகு

1862-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி. வர்ஜீனியா மாநிலத்தில், பிரடரிக்ஸ்பர்க் ஊரில் பெரும் சண்டை நடந்தது. இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 18 ஆயிரம் பேர் செத்தார்கள், காயம் அடைந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

பிறகு குளிர்காலம் வந்தது. ராப்பஹானாக் ஆற்றின் ஒரு கரையில் வடக்குப் படை. மறுகரையில் தெற்குப் படை.

தெற்கே காப்பிக்குப் பஞ்சம். வறுத்த தானியத்தைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். ஆனால் புகையிலை நிறைய இருந்தது. வடக்கே காப்பி தாராளம். நல்ல புகையிலை இல்லை.

சிப்பாய்கள் ஒரு வழி கண்டார்கள். பலகைத் துண்டில் சின்னஞ்சிறு படகு செய்தார்கள். பாய் கட்டினார்கள். காப்பியை ஏற்றி ஆற்றில் விட்டார்கள். படகு திரும்பி வந்தபோது அதில் புகையிலை இருந்தது!

அதிகாரிகள் தடை போட்டார்கள். ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை.

சம்பளம் வேண்டாம்!

வடக்குப் படையில் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் கறுப்பர்கள் சேர்ந்தார்கள். பலர் அடிமைகளாக இருந்தவர்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டாலர். இவர்களுக்கோ 10 டாலர்; அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம்!

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் 54-வது படைப்பிரிவினர், “சம சம்பளம் கொடுங்கள். இல்லையேல் சம்பளமே வேண்டாம்” என்று மறுத்தார்கள். சம்பளம் வாங்காமலே போரிட்டார்கள். 1864-ம் ஆண்டு ஜூன் மாதம் சம சம்பளத்துக்குச் சட்டம் வந்தது.

தெற்கே அடிமைகள் எழுத்துப் படிப்பதைப் பல மாநிலங்கள் தடை செய்திருந்தன. பட்டாளத்தில் சேர்ந்த பலர், கூடாரத்தில்தான் முதன்முதலாக எழுத்துக் கற்றார்கள்.

முதுகில் பெயர்

எல்லாச் சிப்பாய்களுக்கும் பெரிய ஆறுதல், வீட்டில் இருந்து வரும் கடிதம். எழுதத் தெரியாதவர்கள், தெரிந்த தோழர்களைக்கொண்டு எழுதுவார்கள்.

ஆனால், செத்தால் வீட்டுக்கு யார் சொல்வது? ராணுவம் அடையாள வில்லை கொடுக்கும் வழக்கம் அன்று கிடையாது.

1864-ம் ஆண்டு ஜூன் மாதம், கோல்டு ஹார்பர் என்ற இடத்தில் பெரும் தாக்குதல் நடக்க இருந்தது. அதற்கு முன் சிப்பாய்கள் சிலர் காகிதத்தில் பெயரும் ஊரும் எழுதி, சட்டையின் முதுகில் குத்திக்கொண்டார்கள். கிராண்ட் தளபதியின் உதவி அதிகாரியாக இருந்த ஹோரஸ் போர்ட்டர் தம் நூலில் இதைச் சொல்லி இருக்கிறார்.

1865-ம் ஆண்டு போர் முடிந்தது. அடிமை முறை ஒழிந்தது.

பிரடரிக்ஸ்பர்க் குன்றின் மேல் வடக்குச் சிப்பாய்களுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் அமைத்தார்கள். அங்கே 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் தெரியாது.

அவர்களுடைய சிறு கற்களில் இரண்டு எண்கள் மட்டும் இருக்கின்றன. மேலே உள்ளது குழியின் எண். கீழே உள்ளது, அந்தக் குழியில் எத்தனை பேர் என்ற கணக்கு!

அமெரிக்க ராணுவம் தன் சிப்பாய்களுக்கு அடையாள வில்லை கொடுக்க உத்தரவிட்டது 1906-ம் ஆண்டில்தான்.