வாசித்துச் சொல்ல முடிகிற சாவி

ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் ஆலைகளில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒருவர் ஆன்லைனில் பி.எஃப். பணம் எடுக்க, பி.எஃப். கணக்கின் அடையாளமான யூ.ஏ.என். எண்ணும் பாஸ்வேர்டும் கொடுத்து, செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யையும் பதிய வேண்டும். பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தவர் பிரவுசிங் சென்டர்க்காரர், ஓ.டி.பி.யும் அவரிடமே வாசித்துக் காட்டப்படுகிறது என்றால், பூட்டு இரண்டு இருந்தும் சாவிகள் ஒரே கையில். தொழிலாளிக்கு விவரம் போதாது என்று சொல்லிவிடலாம். வாயால் சொல்லிவிட முடிகிற ஒன்றைச் சான்றாக வைத்தவர்களை அல்லவா முதலில் கேட்க வேண்டும்?

ஆளை உறுதிசெய்ய மூன்று வழிகள்: அவருக்குத் தெரிந்தது, அவர் கையில் இருப்பது, அவர் உடம்பு. ஏ.டி.எம். அட்டை தொலைந்தாலும் பணம் தப்புவது, எடுத்தவனுக்குப் பின் நம்பர் தெரியாததால்தான். இணையத்தில் அட்டை எண் மட்டும் போதாது என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டில் கூடுதல் சான்றைக் கட்டாயமாக்கியது நல்ல பலன் தந்தது. ஆனால் திருடர்கள் எண்ணைத் திருடுவதை விட்டுக் கேட்டே வாங்கத் தொடங்கினார்கள். போன் கையில் இருப்பதற்குச் சாட்சியான ஓ.டி.பி., வாசித்த நொடியில் சில நிமிட ஆயுள் கொண்ட இன்னொரு பாஸ்வேர்டாகிவிடுகிறது. எஸ்.எம்.எஸ். வழி ஓ.டி.பி.யை அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்.ஐ.எஸ்.டி. 2017-லேயே கட்டுப்பாடுகளுக்குரிய வகையில் சேர்த்தது. கூகுள் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு யூ.எஸ்.பி. பாதுகாப்புச் சாவி கொடுத்தபின் ஒருவரின் வேலைக் கணக்கும் ஃபிஷிங் எனும் போலித் தள மோசடியில் போகவில்லை என்று 2018-ல் சொன்னது. அந்தச் சாவி தளத்தின் முகவரியைத் தானே சரிபார்க்கும். போலித் தளத்துக்குப் பதில் தராது. போனில் கேட்பவனிடம் வாசிக்கவும் அதில் எதுவும் இல்லை.

ஆறு இலக்க ஓ.டி.பி.தான் சாமானியருக்குக் கைவரும் என்பார்கள். யூ.பி.ஐ. அதற்குப் பதில்: பதிவின்போது போனிலிருந்தே ஓர் எஸ்.எம்.எஸ். போய் சிம்மோடு பிணைக்கிறது, பிறகு டீக்கடையில் பின் மட்டும் போதும். ஏமாற்றிப் பின்னைப் போடவைக்கும் மோசடி அங்கும் உண்டுதான். வந்தது யார் என்பதை எந்தச் சான்றும் சொல்லும், ஏமாந்து வந்தாரா என்பதைச் சொல்லாது. எண் கைமாறினால் என்ன ஆகும் என்பது இன்னும் கனமான கேள்வி. ஊர் திரும்பிய ஒடிசா, பீகார் தொழிலாளி ரீசார்ஜை விட்டுவிட்டால், துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். அப்போது ஓ.டி.பி. போய்ச் சேருவது முன்பின் தெரியாதவருக்கு. 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்ட ரிசர்வ் வங்கி விதிகள், ஒரு சான்று உடைந்தாலும் மற்றது நிற்க வேண்டும் என்கின்றன, எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.யை விலக்கவில்லை. பி.எஃப். அந்த விதிகளுக்குள் வராது. ஆனாலும் வேலையை விட்டு நிற்பவரிடம் கணக்கு முடிக்கும் நாளிலேயே, எந்த எண் பதிவில் இருக்கிறது என்று கேட்டு மாற்ற உதவ, வேலை கொடுத்தவருக்கு எந்த விதியும் தேவையில்லை.