ஆடிக்காற்றில் பறக்கும் செம்மண்... உயரம் உயரமாக அளக்கும் ட்ரோன்!

'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். திருநெல்வேலி மாவட்டத்தின் இட்டமொழி, திசையன்விளை பக்கம் போனால், அம்மி பறக்கிறதோ இல்லையோ, மண் பறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொடியில் காயும் வேட்டி, திண்ணை, தண்ணீர்க் குடம் என எல்லாவற்றிலும் மெல்லிய செம்புழுதி படிந்திருக்கும்.

மலைக்கு மேற்கே மழையாகக் கொட்டிவிடும் தென்மேற்குக் காற்று, ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகக் கிழக்கே நுழையும்போது வறண்டிருக்கும். வள்ளியூர், நாங்குநேரி பகுதிகளின் செம்மண்ணைக் காலங்காலமாக வாரிக்கொண்டு போய் அது கடலோரத்தில் குவித்ததுதான் 'தேரி' எனப்படும் செம்மணல் மேடுகள். தாமிரபரணிக்குத் தெற்கே, தூத்துக்குடி மாவட்டத்தின் குதிரைமொழி வரை இவை பரவிக் கிடக்கின்றன. மணல் துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் இந்தச் சிவப்புக்குக் காரணம்.

மணல் வேறு, தூசி வேறு!

காற்று எல்லாத் துகளையும் ஒரே மாதிரி தூக்குவதில்லை. கனமான மணல் தவளைபோலத் தத்தித் தத்திப் போகும். பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள்ளேயே விழுந்துவிடும். விழும் வேகத்தில் அது நிலத்தை மோத, அங்கிருக்கும் நுண்தூசி கிளம்பி மேலே போகிறது. 10 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள் மூச்சுக்குழாய் வரை போகும், 2.5 மைக்ரானுக்கும் சிறியவை நுரையீரலின் ஆழம் வரை போகும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

சஹாராவின் தூசி அட்லாண்டிக் பெருங்கடலையே தாண்டி அமேசான் காட்டுக்குப் போகிறது. ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸை அது அங்கே உரமாகச் சேர்ப்பதாக நாசா விஞ்ஞானிகள் 2015-ல் கணக்கிட்டார்கள். தூசி எவ்வளவு தூரம் போகும் என்பதை, அது எந்த உயரத்துக்கு ஏறுகிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. தரையில் வைத்த கருவி தரைக் கணக்கை மட்டுமே சொல்லும். இங்கேதான் ஆளில்லா விமானம் கைகொடுக்கிறது.

வழிகாட்டிய தமிழர்

இதில் முன்னோடி, சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த விஞ்ஞானி வீ.ராமநாதன். 2006 மார்ச்சில் மாலத்தீவின் ஹனிமாதூ தீவிலிருந்து மூன்று சிறிய ஆளில்லா விமானங்களை அவரது குழு ஒன்றன்மேல் ஒன்றாக, வெவ்வேறு உயரங்களில் பறக்கவிட்டது. புகையும் தூசியும் கலந்த பழுப்பு மேகம், கீழ்வளிமண்டலம் சூரிய வெப்பத்தை உறிஞ்சுவதைச் சுமார் 50 சதவிகிதம் கூட்டுகிறது என்று 2007-ல் 'நேச்சர்' இதழில் அவர்கள் எழுதினார்கள். இன்று சைப்ரஸ் தீவில், சஹாராவிலிருந்து வரும் தூசியை ஆளில்லா விமானங்கள் அளக்கின்றன.

கருவி எளிமையானது. உள்ளே இழுக்கும் காற்றின் மீது லேசர் ஒளி விழும். துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து எண்ணிக்கையும் அளவும் தெரியும். சிக்கல் வேறு இடத்தில். ட்ரோனின் விசிறியே புழுதி கிளப்பி, காற்றைக் கலைத்துவிடும். அதனால் உறிஞ்சுகுழாயை விசிறிக்கு மேலே, அதன் காற்று படாத இடத்தில் நீட்டி வைப்பார்கள். சில இடங்களில் விசிறி கீழ்நோக்கித் தள்ளாத, இறக்கை வைத்த விமானங்களையே பயன்படுத்துகிறார்கள்.

நெல்லைச் சீமைக்கு என்ன பயன்?

காற்றை உயரவாரியாக அளப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் கயத்தாறில் இருக்கிறது. காற்றாலை நிறுவும் முன் உயரமான கம்பங்களில் காற்றின் வேகத்தைப் பல மட்டங்களில் அளப்பது வழக்கம். காற்றுக்குச் செய்வதைத் தூசிக்கும் செய்யலாம்.

தேரியைக் கட்டிப்போட்டிருப்பவை பனையும் முந்திரியும் உடைமரமும்தான். தத்திச் செல்லும் மணலை இவை தடுத்துவிடும். மேலேறிய தூசியோ மர உச்சியைத் தாண்டிப் போய்விடும். எது எந்த உயரத்தில் போகிறது என்று தெரிந்தால், எந்த ஊருக்கு மரவேலி போதும், எந்த ஊரில் புழுதி கிளம்பும் இடத்தையே மூட வேண்டும் என்று முடிவெடுக்கலாம். வீசிங் உள்ள குழந்தையையும் வயதான தாத்தாவையும் எந்த நேரத்தில் வீட்டுக்குள் வைத்திருப்பது என்றும் சொல்லலாம்.

ஆனால், நினைத்த இடத்தில் ட்ரோனை ஏற்றிவிட முடியாது. 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில்தான் முன் அனுமதியின்றி 400 அடி வரை பறக்கலாம். கூடங்குளம் அணுமின் நிலையமும் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கான இடமும் இருக்கும் இந்தப் பகுதியில் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானைத் தொட வேண்டும்.

அதுவரை, காற்று காலத்தில் பைக்கில் போகிறவர்கள் கண்ணாடியும் மாஸ்க்கும் மறக்காதீர்கள். வீட்டைச் சுற்றி நிற்கும் பனையை வெட்டாமல் விடுங்கள். மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்!