மரணத்தின் சந்தை: எயிட்ஸ் காலத்து ஆயுட் காப்புறுதி விற்பனை பற்றிய ஒரு நோக்கு

ஆயுட் காப்புறுதி என்பது, ஒருவர் இறந்தபின் அவரைச் சார்ந்தோர் வாழ்வதற்கான ஏற்பாடாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின் 1980களின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் அது, மரணத்தை எதிர்நோக்கியிருந்தோர் உயிருடன் இருக்கும்போதே விற்கும் பண்டமாயிற்று. இம்மாற்றத்தின் சமூக அடிப்படையை இங்கு நோக்குவோம்.

இவ்வணிகத்தின் சட்ட அடிப்படை பழையது. பிறர் உயிர்மீது காப்புறுதி என்ற பெயரிற் பந்தயம் கட்டும் வழக்கத்தை இங்கிலாந்து 1774 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடுத்தது. எனினும் 1911 இல், கிறிக்ஸ்பி எதிர் றசல் வழக்கில், ஆயுட் காப்புறுதிப் பத்திரம் பிறருக்குக் கைமாற்றத்தக்க சொத்தே என அமெரிக்க மீயுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சத்திரசிகிச்சைக்குப் பணமின்றித் தவித்த ஒருவர் தமது பத்திரத்தை 100 டொலருக்கு ஒரு வைத்தியரிடம் விற்றமையே அவ்வழக்கின் தோற்றுவாய். நோயாளியின் பணமுடை தொடக்கத்திலேயே இவ்வுறவின் அச்சாணியாக இருந்தமை கருதத்தக்கது.

எயிட்ஸ் நோய் 1981 இல் முதன்முதலாகப் பதிவாகியது. தொடக்கத்தில் அங்கு அதற்குப் பெரிதும் இரையானோர் தன்பாற் காதலரான இளைஞர்கள். அவர்களுட் பலருக்குத் தங்கிவாழும் பிள்ளைகள் இல்லை. அவர்தம் இணைவாழ்வைச் சட்டமும் அங்கீகரிக்கவில்லை. நோயினால் தொழிலை இழந்தபோது, தொழிலோடு பிணைந்திருந்த மருத்துவக் காப்புறுதியும் பறிபோயிற்று. 1987 இல் அனுமதிக்கப்பட்ட ஏ.இசெட்.ரி. மருந்துக்கோ ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 8,000 முதல் 10,000 டொலர் வரை தேவைப்பட்டது. இந்நிலையில், பயன்பாட்டுப் பெறுமதி குன்றிய காப்புறுதிப் பத்திரம் பரிமாற்றுப் பெறுமதி மட்டும் கொண்டதாய் எஞ்சிற்று.

விற்பனை முறை எளியது. பத்திரத் தொகையின் ஏறத்தாழ 50 முதல் 80 சதவீதம் வரை நோயாளிக்கு வழங்கப்படும். வாங்கியவர் எஞ்சிய தவணைக் கட்டணங்களைச் செலுத்தி, மரணத்தின்பின் முழுத்தொகையையும் பெறுவார். உதாரணமாக, 1,00,000 டொலர்ப் பத்திரத்தை 60,000 டொலருக்கு வாங்கியவருக்கு, விற்றவர் ஓராண்டில் இறப்பின், கட்டணங்கள் நீங்கலாக, 40,000 டொலர் மிஞ்சும். ஐந்தாண்டுகள் வாழ்ந்தால், அதே இலாபம் ஐந்தாண்டுகளுக்குப் பரந்து தேய்ந்துவிடும். காப்புறுதிக் கம்பனிக்கு நீண்ட ஆயுள் இலாபம். இம்முதலீட்டாளருக்கோ அது நட்டம். இவ்வணிகத்துக்குச் சூட்டப்பட்ட 'வயாற்றிக்கல்' என்ற பெயர், வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது.

முரண்பாடு 1996 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு யூலையில் வன்கூவரில் நடைபெற்ற சர்வதேச எயிட்ஸ் மாநாட்டில், பல மருந்துகளை இணைத்துக் கொடுக்கும் சிகிச்சையின் வெற்றி அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவில் எயிட்ஸ் மரணங்கள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன. மனிதகுலம் மகிழவேண்டிய அச்செய்தி, பங்குச் சந்தையில் துயரச் செய்தியாயிற்று. 'கண்ணியம்' எனப் பொருள்படும் சொல்லைப் பெயரிற் கொண்ட டிக்னிற்றி பாட்னேர்ஸ் என்ற சான் பிரான்சிஸ்கோக் கம்பனி, எயிட்ஸ் நோயாளரின் பத்திரங்களை வாங்குவதை நிறுத்தியது. அதன் பங்கு விலையும் வீழ்ந்தது. பின்னர் இவ்வணிகத்தின் கவனம் முதியோரின் பத்திரங்கள்மீது திரும்பிற்று.

இதனை முதலீட்டாளரின் தனிமனிதப் பேராசையாக மட்டும் கண்டிப்பது போதாது. விற்றவர்களுக்கு அப்பணம் மருந்தாகவும் வீட்டு வாடகையாகவும் இறுதி நாள்களின் சுதந்திரமாகவும் பயன்பட்டது. விற்பனையைத் தடைசெய்வது மட்டுமே அவர்களின் துயரைத் தீர்த்திராது. திறந்திருந்த ஒரே கதவையும் அது அடைத்திருக்கும். ஏனைய கதவுகள் ஏன் அடைபட்டிருந்தன என்பதே அடிப்படை வினா. மருத்துவம் உரிமையாக அன்றி விலைப்பொருளாக இருக்கும் சமூகத்தில், ஏதுமற்றவர் இறுதியில் விற்கக்கூடியது தமது மரணமே. அத்தகைய சமூகத்திலேயே ஒருவர் பிழைத்தெழுவது மற்றொருவரின் கணக்கேட்டில் நட்டமாகப் பதியப்படுகிறது.