பழைய ஃபியட்டும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கடிதம் டைப் செய்வோம், பாட்டு கேட்போம், குடும்ப போட்டோக்களைப் பார்ப்போம், ரயில் டிக்கெட் எடுப்போம். ஒரு மாதம் போனதும், "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். உங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நின்றால், அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். வார நாட்களில் புரோகிராம் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் 1989-ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி காரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பேன். இந்த இரண்டு வேலைகளுக்கும் சம்பந்தம் இல்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். நிறையவே சம்பந்தம் உண்டு.

காருக்குள் கம்ப்யூட்டர் இல்லை

இன்றைய கார்களின் இன்ஜினை ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான் கட்டுப்படுத்துகிறது. எங்காவது கோளாறு வந்தால் அது ஒரு குறியீட்டு எண்ணைப் பதிவு செய்துகொள்ளும். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகி அந்த எண்ணைப் படித்து, எந்தப் பகுதியில் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

பத்மினியில் இதெல்லாம் கிடையாது. மும்பை குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை 1964 முதல் ஃபியட் 1100 டிலைட் என்ற காரைத் தயாரித்தது. அதுதான் 1974-இல் பத்மினி என்று பெயர் மாறியது. அதனால்தான் நம் ஊரில் இன்றும் எல்லோரும் அதை ஃபியட் என்றே சொல்கிறார்கள். நான்கு சிலிண்டர், 1089 சிசி இன்ஜின், கார்பரேட்டர், ஸ்டியரிங் தண்டிலேயே கியர். 2000-ஆம் ஆண்டு வாக்கில் உற்பத்தி நின்றது. மும்பையில் கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சிக்கும் 2023 அக்டோபர் 30-ஆம் தேதியோடு காலம் முடிந்தது.

ஒரு புரோகிராம் நின்றுபோனால் நாங்கள் முதலில் பார்ப்பது லாக் பைலைத்தான். எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று அதில் வரிசையாக இருக்கும். பழைய காருக்கு அப்படி ஒன்று இல்லை. அது நமக்குத் தரும் தகவல் எல்லாம் சத்தம், வாசனை, புகை ஆகியவைதான். எனவே லாக் பைலை நாம்தான் எழுத வேண்டும். அதற்கு உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தாராளமாகப் போதும்.

கழற்றும் முன் போட்டோ

எதைக் கழற்றுவதாக இருந்தாலும் முதலில் போன் கேமராவில் மூன்று படங்கள் எடுங்கள். சற்றுத் தள்ளி நின்று ஒன்று, அருகில் ஒன்று, இணைப்பு மட்டும் தெரியும்படி ஒன்று.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் காயிலிலிருந்து வரும் ஒரு ஒயர், சுற்றிலும் பிளக்குகளுக்குப் போகும் நான்கு ஒயர்கள். பத்மினியின் பயரிங் ஆர்டர் 1-3-4-2. அம்பாசடருக்கும் இதேதான். இரண்டு ஒயர்கள் இடம் மாறினாலும் இன்ஜின் உதறும், சைலன்சரில் வெடிக்கும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. படம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

படங்களை யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். போனில் "பைல் டிரான்ஸ்பர்" என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் கம்ப்யூட்டரில் படங்கள் தெரியும். பிறகு "கார்" என்று ஒரு போல்டர், அதற்குள் இன்ஜின், பிரேக், மின்சாரம், பாடி என்று தனித்தனி போல்டர்கள் உருவாக்குங்கள்.

பெயர் வைப்பதில் ஒரு சிறு சூட்சுமம் உண்டு. தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். உதாரணம்: 2025-03-09-டிஸ்ட்ரிபியூட்டர். இப்படி எழுதினால் பைல்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்தின் ஒன்பதாம் தேதியும் ஒன்றாகக் கூடிவிடும். சாய்வுக் கோட்டை விண்டோஸ் ஏற்காது, சிறு கோடு போடுங்கள். தமிழில் பெயர் வைக்கலாம். பல படங்களுக்கு ஒரே பெயர் வைக்க, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எப்2 விசையைத் தட்டி, பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள். 1, 2, 3 என்று எண்கள் தாமாகவே சேரும்.

பெட்ரோல் கணக்கு

அடுத்தது எக்ஸெல். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். ஒரு பைலில் இரண்டு ஷீட்கள் போதும்.

முதல் ஷீட் வேலைகளுக்கு. தேதி, ஓடோமீட்டர், செய்த வேலை, மாற்றிய பார்ட், விலை, குறிப்பு என ஆறு பத்திகள். இரண்டாவது ஷீட் பெட்ரோலுக்கு. தேதி, ஓடோமீட்டர், லிட்டர், மைலேஜ் என நான்கு பத்திகள். பழைய கார்களில் ஓடோமீட்டர் கேபிள் அறுந்து கிடப்பது சகஜம். முதலில் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் டேங்கை முழுதாக நிரப்ப வேண்டும். போன முறை நிரப்பியபோது ஓடோமீட்டர் 41,250, இந்த முறை 41,514 என்றால் ஓடியது 264 கிலோமீட்டர். இப்போது பிடித்தது 20 லிட்டர் என்றால் மைலேஜ் 13.2. இதைக் கம்ப்யூட்டரே கணக்கிடும். மைலேஜ் கட்டத்தில் சமக்குறி போட்டு, அடைப்புக்குறியைத் திறந்து, இந்த முறை ஓடோமீட்டர் கட்டத்தை கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, அதற்கு மேல் கட்டத்தை கிளிக் செய்து, அடைப்புக்குறியை மூடுங்கள். பிறகு வகுத்தலுக்கான சாய்வுக் கோட்டைப் போட்டு லிட்டர் கட்டத்தை கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் சூத்திரம் வந்துவிடும். தேதி, மைலேஜ் பத்திகளைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் பகுதியில் லைன் சார்ட் கேட்டால் வரைபடமும் தயார்.

வரைபடம் சொன்ன சேதி

"மைலேஜ் பார்த்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நம் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலின் அளவு படிப்படியாக உயர்ந்து 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே கூறியது.

என் காரின் மைலேஜ் முதலில் 13.2-இலிருந்து 12.3 ஆனது. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 7 சதவீதம். சரிதான் என்று விட்டேன். இரண்டு மாதம் கழித்து அது 11.1-இல் வந்து நின்றது. மொத்த இறக்கம் 16 சதவீதம். இதில் 7 சதவீதத்துக்குப் பெட்ரோல் பதில் சொல்லும். மீதிக்கு யார் பதில் சொல்வது?

வரைபடத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு என் மெக்கானிக்கிடம் போனேன். நாற்பது ஆண்டுகளாக ஃபியட் பார்ப்பவர்.

"எல்லா வண்டியும் இப்ப இப்படித்தான் தம்பி. பெட்ரோல் மாறிடுச்சு" என்றார்.

"அது இந்த முதல் இறக்கம்ணே. ரெண்டாவது இறக்கம் எங்கிருந்து வந்துச்சு?"

தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவினார். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி இருந்தது. "ஓட ஓட ஆயில் குறையும், இல்லேன்னா அப்படியே நிக்கும். கூடுமா? மோந்து பாரு" என்று நீட்டினார். ஆயிலில் பெட்ரோல் வாசனை.

பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாபிரம் என்ற ரப்பர் படலம் கிழிந்திருந்தது. அந்த வழியாகப் பெட்ரோல் கசிந்து இன்ஜின் ஆயிலில் கலந்துகொண்டிருந்தது. பம்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸும் ஊறிப்போய், வளைத்தால் வெடிப்பு தெரிந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. அதனால்தான் கண்ணில் படவில்லை. பெட்ரோல் கலந்து நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைத் தேய்த்துவிடும். ஹோஸ் அறுந்திருந்தால் சூடான இன்ஜின்மீது பெட்ரோல் பீய்ச்சியிருக்கும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டயாபிரம், ஹோஸ், கிளிப்புகள், ஆயில் அனைத்தையும் மாற்றினோம். அதற்கு அடுத்த நான்கு முறையும் மைலேஜ் 12.2-க்கும் 12.4-க்கும் இடையே நிற்கிறது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளுங்கள். அந்தக் காலத்து ரப்பர் பாகங்கள் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோஸ் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். மாற்றிய தேதியை ஷீட்டில் எழுதுங்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எனவே மாதக்கணக்கில் காரை நிறுத்திவைத்தால் இரும்பு டேங்கில் துரு பிடிக்கும். அந்தத் துரு பில்டரையும் கார்பரேட்டர் ஜெட்டையும் அடைக்கும்.

கேஸ்கெட்டுக்கு ஸ்கேனர்

கிடைக்காத கேஸ்கெட்டை வீட்டிலேயே வெட்டிக்கொள்ள ஸ்கேனர் உதவும். பழைய கேஸ்கெட்டை நன்றாகத் துடையுங்கள். ஸ்கேனர் கண்ணாடிமீது மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, கேஸ்கெட்டையும் பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். பிரிண்ட் கொடுக்கும்போது "பிட் டு பேஜ்" என்பதை விட்டு "ஆக்சுவல் சைஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிரிண்ட்டில் உள்ள அளவுகோலின்மேல் உண்மையான அளவுகோலை வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் அதை கேஸ்கெட் ஷீட்டில் ஒட்டி வெட்டலாம்.

பார்ட்ஸ் தேடி சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ போகும்போதும் இதேபோல் அளவுகோலோடு எடுத்த படத்தைக் கொண்டுபோங்கள். "ஃபியட்டுக்கு அந்த ரப்பர்" என்று கேட்டால் கடைக்காரர் பத்தை எடுத்துப் போடுவார். படத்தைக் காட்டினால் சரியானது வரும்.

ஆர்.சி. புத்தகமும் ஐம்பது வயதும்

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். என் கார் 2004-இல் தொடங்கி ஐந்து முறை புதுப்பிக்கப்பட்டது, அடுத்தது 2029. இந்தத் தேதியை கம்ப்யூட்டர் காலண்டரில் இரண்டு மாதம் முன்னதாகவே நினைவூட்டும்படி வைத்துவிடுங்கள். கட்டணங்களை மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் பார்க்கலாம். அதே தோற்றத்தில் போலித் தளங்களும் உலவுவதால், முகவரி அரசுக்குரிய "கவ் டாட் இன்" என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 ஆண்டுகளைத் தாண்டிய, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாத வாகனங்களை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டுகள் செல்லும். நம்பர் பிளேட்டில் "வி ஏ" என்ற எழுத்துகள் இருக்கும். ஆனால் அந்தக் காரை கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள். முதல் பத்மினிகள் 2024-இல்தான் ஐம்பதைத் தொட்டன.

காரில் செய்த மாற்றங்களுக்குப் படங்களோடு ஆதாரம் இருப்பது சோதனையின்போதும் விற்கும்போதும் உதவும்.

இரண்டு பிரதிகள்

ஹார்டு டிஸ்க் சொல்லிக்கொண்டு கெடாது. "கார்" போல்டரை மாதம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு பிரதியும், கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் ஒரு பிரதியும் எடுங்கள். உரிமையாளர் கையேட்டையும் ஒயரிங் படத்தையும் ஸ்கேன் செய்து பிடிஎப் ஆக்கி அதே போல்டரில் வையுங்கள். ஒயரிங் படத்தை மட்டும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் ஒயர்களின் நிறம் தெரியாது.

இன்னொன்றையும் சேருங்கள். கார்பரேட்டரைக் காதால் கேட்டே டியூன் செய்யும் மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் மெக்கானிக்கிடம் அனுமதி கேட்டு, அவர் வேலை செய்யும்போது போனில் வீடியோ எடுங்கள். ஏன் இப்படித் திருகுகிறார் என்று கேட்டு, அவர் சொல்வதையும் பதிவு செய்யுங்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத பாடம் அது.

வரும் ஞாயிறன்று ஒரு போல்டர், ஒரு ஷீட், ஒரு முழு டேங்க் பெட்ரோல் என்று தொடங்குங்கள். ஆறு மாதத்தில் உங்கள் காரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.