கிராபிக்ஸ் கார்டும் வாங்குவோர் உரிமையும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பிரதேசத்தில் தொடர்ந்து கிடக்கும் தோல் ஊர்களை நினைக்கும்பொழுது, தோல் ஷாப்பின் தொட்டிகளும் ஷூ கம்பெனியின் தையல் வரிசைகளுமே மனக்கண்முன் வருகின்றன; ஆயினும் ஷூவின் உருவம் கத்தியையும் தோலையும் காண்பதற்கு முன்னரே கம்ப்யூட்டர் திரையில் முப்பரிமாணச் சித்திரமாகப் பிறக்கும் காலம் இது. அத்தகைய சித்திரம் வரைந்து கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட இளைஞர் ஒருவர், ஏதோ ஓர் அலுவலகம் கழித்த பிராண்டட் கம்ப்யூட்டரை மலிவாக வாங்கி, அது திணறுவதைக் கண்டு, நல்லதொரு கிராபிக்ஸ் கார்டைப் பொருத்திவிட்டால் போதும் என்று பல மாதச் சேமிப்புடன் கடையேறுவாரானால், அவரிடம் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே: கார்டின் கீர்த்தியை விசாரிப்பதற்கு முன் உங்கள் பெட்டியின் சக்தியை விசாரியுங்கள்.

பெட்டியைத் திறந்தால் ஒரு மூலையில் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். இருக்கும், அது எத்தனை வாட் என்பது அதன்மேல் ஒட்டிய சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். அலுவலக உபயோகத்துக்கென்று செய்யப்பட்ட பெட்டிகளில் அது பெரும்பாலும் 180 முதல் 300 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் தானாகத் தரக்கூடியது 75 வாட்டே. அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து 6 முனையோ 8 முனையோ கொண்ட தனி ஒயர் வர வேண்டும். அந்த ஒயரோ இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே 170 வாட் கேட்கும் ஆர்.டி.எக்ஸ். 3060 எவ்வளவு சிறந்ததாயினும் அந்தப் பெட்டிக்கு உதவாது. தனி ஒயர் வேண்டாமல் 70 வாட்டில் அடங்கும் 6 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3050 போன்றவையே அதற்கு உகந்தவை. ஹார்டு டிஸ்க்குக்குரிய ஒயரில் கன்வெர்ட்டர் மாட்டித் தருகிறேன் என்று எவரேனும் முன்வந்தால் இசையாதீர்கள். அத்தனை மின்சாரத்தைத் தாங்காத அந்த முனை சூடேறி உருகும் அபாயம் மெய்யானது. எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்றிவிடலாமே எனில், டெல், எச்.பி., லெனோவோ பெட்டிகள் பலவற்றில் இணைப்பு முனைகள் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருப்பதால், கடையில் கிடைக்கும் பொதுவான எஸ்.எம்.பி.எஸ். அவற்றில் சேராது. ஒல்லியான பெட்டியில் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டு மட்டுமே நுழையும். ஆதலால் உள்ளிடத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொண்டே கடைக்குச் செல்லுங்கள்.

பெட்டியோடு, கார்டைப் பாதிக்கும் ஊர்ச் சூழலையும் கருத வேண்டும். வேலூர்ச் சீமையின் கோடை 40 டிகிரியைத் தாண்டுவது யாவரும் அறிந்ததே. அதனோடு, தோலின் மயிர் களைய உபயோகிக்கும் சோடியம் சல்பைடிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும் இயல்புடையது. கார்டின் நுண்ணிய இணைப்புகளிலும் அவ்வுலோகங்கள் உண்டு. இத்தகைய அரிப்பினால் வந்த பழுதை வாரண்டி ஏற்குமா என்பதை வாங்கும்பொழுதே வாசித்துப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டுகளைப் பற்றி அதிகம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டபின், அந்த மைனிங்குக்காக அல்லும் பகலும் ஓய்வின்றி ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அதனினும் கொடியது, பழைய ஜி.டி.எக்ஸ். 550 டி.ஐ. போன்றவற்றின் பயாஸைத் திருத்தி ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்று பெயர் காட்டச் செய்யும் வஞ்சகம். ஜி.பி.யூ-இசட் என்னும் இலவசச் செயலி இத்தகைய போலிகளைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பணம் கொடுக்குமுன் கடையிலேயே அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். புதிய கார்டாயின், அது வரும் அட்டைப் பெட்டியின்மேல் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் எம்.ஆர்.பி.யும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அவை இல்லாத கார்டுக்கு இந்நாட்டில் வாரண்டி கிடைக்கும் என்று நம்புவதற்கு ஆதாரமில்லை.

இனி உரிமையைப் பார்ப்போம். தொழிலுக்காக வாங்கியவருக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று சொல்லிப் பலரை வாயடைத்து விடுகிறார்கள். அது முழு உண்மையன்று. வியாபார நோக்கத்துக்காக வாங்குபவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குகிறது. ஆனால் சுயதொழில் மூலம் தம் ஜீவனத்துக்காக மட்டுமே வாங்கி உபயோகிப்பவரை அது நுகர்வோராகவே கொள்கிறது. நம் சித்திரக்காரருக்கு இது பெரும் அரண். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி ஏதும் குறிக்காவிடில் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வாணிபம் என்று அச்சட்டமே வகுத்திருக்கிறது. பழுதற்ற கார்டு நம் பெட்டிக்குப் பொருந்தாமற் போனால் மட்டும் நியாயம் கேட்பது கடினம். ஆயினும், விற்பவர் எவ்விதம் சொல்லி விற்றாரோ அதற்குக் குறைந்திருப்பதும் குறையே என்பதால், உங்கள் கம்ப்யூட்டரின் மாடலைச் சொல்லி, ‘இதற்குப் பொருந்தும்’ என்று பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்கிவிடுங்கள், வாய்ச்சொல்லை நிரூபிப்பது கடினம்.

தகராறு வந்தால் முதலில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அங்கு தீராவிடில், சென்னை ரிச்சி தெருவிலோ டில்லியிலோ இணையத்திலோ எங்கு வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையாயின் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. சாமானியர் மனுவால் என்ன நடந்துவிடும் என்று சோர்வடைவோர், தோல் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்களின் மன்றம் ஒன்று தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியைச் சுப்ரீம் கோர்ட்டு 1996இல் உறுதிப்படுத்தியது என்பதை நினைவுகூர வேண்டும். பில்லையும், கார்டின் சீரியல் எண் தெரியும் புகைப்படத்தையும், பழுது கண்ட நாளின் குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுக் கொடுத்தாக வேண்டும்.