மெட்கர் எவர்ஸ் கொலை வழக்கு

மெட்கர் எவர்ஸ் கொலை வழக்கு என்பது ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1963 இல் நிகழ்ந்த நிறவெறிக் கொலை தொடர்பான வழக்கு ஆகும். கறுப்பினத் தலைவர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற வெள்ளையர், மூன்றாவது விசாரணையின் பின்னர் 1994 இலேயே தண்டிக்கப்பட்டார்.

பின்னணி

மெட்கர் எவர்ஸ் (1925–1963) இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய படைவீரர். 1954 முதல், கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் பாடுபட்ட என்ஏஏசிபி அமைப்பின் மிசிசிப்பி களச் செயலாளராக இருந்தார். கறுப்பினத்தவரை வாக்காளராகப் பதிவு செய்தல், நிற ஒதுக்கல் பின்பற்றிய கடைகளைப் புறக்கணித்தல் முதலிய இயக்கங்களை முன்னின்று நடத்தினார்.

கொலை

1963 ஜூன் 11 இரவு அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி குடியுரிமைச் சமத்துவம் குறித்துத் தொலைக்காட்சியில் உரையாற்றினார். சில மணி நேரத்தில், நள்ளிரவு கடந்து, ஜாக்சன் நகரில் தம் வீட்டு முன்றிலில் எவர்ஸ் முதுகில் சுடப்பட்டு இறந்தார். அருகே கிடைத்த துப்பாக்கியின் தொலைநோக்கியில் பைரன் டி லா பெக்வித் என்பவரின் கைரேகை காணப்பட்டது. இவர் வெள்ளையர் மேலாதிக்கக் கொள்கையினர்.

1964 விசாரணைகள்

1964 இல் இருமுறை விசாரணை நடைபெற்றது. இரு ஜூரி குழுக்களிலும் வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்தனர். அக்காலத்தில் மிசிசிப்பியில் பெண்கள் ஜூரிகளாக முடியாது. ஜூரிகள் வாக்காளர்களிலிருந்தே தெரிவாயினர். கறுப்பினத்தவருள் மிகப் பெரும்பாலோர்க்கு வாக்குரிமைப் பதிவு மறுக்கப்பட்டிருந்தது. எவர்ஸ் எதை மாற்ற முயன்றாரோ, அதுவே அவரது கொலை வழக்கிற்குத் தடையானது. தீர்ப்பிற்கு ஜூரிகளின் ஒருமித்த கருத்து தேவை. இருமுறையும் அது எட்டப்படாமையால் பெக்வித் விடுவிக்கப்பட்டார். 1969 இல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது.

மறு விசாரணை

நிறப் பாகுபாட்டைக் காக்க மாநில அரசு அமைத்திருந்த இறைமை ஆணைக்குழு, இரண்டாம் விசாரணையில் ஜூரிகளைத் தெரிவு செய்வதில் பெக்வித் தரப்புக்கு இரகசியமாக உதவியது 1989 இல் வெளியாயிற்று. எவர்ஸின் மனைவி மிர்லி எவர்ஸின் வற்புறுத்தலும் சேர, 1990 இல் மீண்டும் குற்றஞ்சாட்டப்பட்டது.

ஒரு குற்றத்திற்காக ஒருவரை இருமுறை விசாரிப்பதை அமெரிக்க அரசியலமைப்பு தடுக்கிறது. எனினும், ஜூரிகள் உடன்பாடு காணாத விசாரணை, குற்றமற்றவர் என்ற தீர்ப்பு ஆகாது. ஆகவே மறு விசாரணைக்கு அத்தடை பொருந்தவில்லை.

கொலை செய்ததாகப் பெக்வித் பெருமையடித்துக் கொண்டதைக் கேட்டவர்கள் சாட்சியமளித்தனர். எட்டுக் கறுப்பினத்தவரும் நான்கு வெள்ளையரும் அடங்கிய ஜூரி, 1994 பெப்ரவரி 5 அன்று அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. ஆயுள் தண்டனை பெற்ற பெக்வித் 2001 இல் இறந்தார்.

தாக்கம்

இத்தீர்ப்பைத் தொடர்ந்து, தண்டனையின்றி விடப்பட்ட வேறு சில நிறவெறிக் கொலை வழக்குகளும் தென் மாநிலங்களில் மீண்டும் விசாரிக்கப்பட்டன. எவர்ஸ் கொல்லப்பட்ட வீடு தேசிய நினைவுச் சின்னமாகப் பேணப்படுகிறது.